ஐஸ் மீன்மேல் உருகவேண்டும்: கரையிலிருந்து சமையலறை வரை ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் கிழக்கே வாகரையில் இருந்து பொத்துவில் வரை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரம் முழுக்க மீன் போகிற இடமெல்லாம் ஐஸும் கூடவே போகிறது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளுக்குள் கட்டி கட்டியாக இறக்குகிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் ஒரு நாள் தொழிலுக்குப் போகும் படகில் ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி இருக்கும். காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் மீன் வியாபாரியின் பெட்டியிலும் நாலு துண்டு கிடக்கும்.

இவ்வளவு ஐஸ் புழங்கியும் நல்ல அறுக்குளாவும் பாரையும் நம் சட்டிக்கு வரும்போது பாதி தரத்தை இழந்துவிடுகின்றன. வெளிச்சத்துக்கு முன் வலை இழுத்தவரின் உழைப்பு அதோடு போகிறது. காசு கொடுத்து வாங்கிய ஐஸும் வீணாகிறது. இதைத் தடுப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஐஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் போதும், மற்ற எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் கணக்கு

ஐஸை வாங்குகிறவர்கள் பொதுவாக இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம் உருகாமல் நிற்கிறது. மீனைக் குளிரவைப்பதில் இந்த இரண்டும் இரண்டாம்பட்சம்தான்.

பூச்சியம் பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ், அதே பூச்சியம் பாகையில் தண்ணீராக மாறுவதற்குச் சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியிருப்பவற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஐஸின் வெப்பநிலை கூடுவதே இல்லை. எடுத்த வெப்பம் முழுவதும் கட்டியைக் குலைப்பதற்கே செலவாகிறது. அதே ஒரு கிலோ ஐஸ் மைனஸ் 10 பாகையில் இருந்து பூச்சியத்துக்கு வரும்போது எடுக்கும் வெப்பம் 21 கிலோஜூல் மட்டும். ஆக, கையில் ஒட்டிக்கொள்ளும் அளவு குளிர்ந்த கட்டிக்கும், மேலே ஈரம் பூத்த கட்டிக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. வேலையில் ஏறத்தாழ 94 வீதம் உருகும்போதுதான் நடக்கிறது.

உருகாத ஐஸ் மீனுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பெட்டிச் சுவரின் சூட்டுக்கும், மேலே அடிக்கிற வெயிலுக்கும், லொறித் தட்டின் கொதிப்புக்கும் உருகினால் அதுவும் மீனுக்குச் சேராது. ஐஸ் மீன்மேல் உருகவேண்டும், வேறு எங்கும் உருகக்கூடாது. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

சரி, எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ மீனின் வெப்பநிலையை ஒரு பாகை இறக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூலை எடுக்கவேண்டும். நம் கடலில் 30 பாகையில் பிடிபட்ட 10 கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 1,050 கிலோஜூல், அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான ஐஸ். இது மீனைக் குளிராக்க மட்டும். குளிர்ந்த மீனை அப்படியே வைத்திருக்க, வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பத்துக்கும் ஐஸ் கொடுக்கவேண்டும். 60, 45, 40 சென்றிமீற்றர் அளவுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜிபோம் சுவர் 5 சென்றிமீற்றர் தடிப்பாக இருந்தால், நம் வெக்கையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ ஐஸ் சுவருக்கே போய்விடும். சுவர் பாதித் தடிப்பு என்றால் இழப்பு இரட்டிப்பாகிப் பதினைந்து கிலோ ஆகும். மூடியைத் திறந்து திறந்து மூடினால், பெட்டி வெயிலில் கிடந்தால், இன்னும் கூடும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். நம் நாட்டு வெயிலுக்கு அந்தக் கணக்கு சரி. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அதற்கும் மேலே வைத்துக்கொள்வது நல்லது.

கட்டியைப் பார்த்து வாங்குதல்

ஐஸ் தொழிற்சாலையில் நடப்பது எளிமையான வேலை. பெரிய தொட்டியில் உப்புக் கரைசல் இருக்கும். அமோனியா வாயுவை அமுக்கி, குளிரவைத்து, மறுபடி விரியவிட்டு அந்தக் கரைசலை மைனஸ் 10 பாகை அளவுக்குக் கொண்டுபோவார்கள். உப்பு இருப்பதால் கரைசல் அந்தக் குளிரிலும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை இறக்கி வைத்தால் தண்ணீர் வெளிச்சுவரில் இருந்து நடுவை நோக்கி உறைந்துகொண்டு வரும். சின்ன வயதில் நாம் சாப்பிட்ட ஐஸ்பழமும் இதே முறையில் பிறந்ததுதான், அச்சு மட்டும் சின்னது.

உறைந்த சுவர் தடிக்கத் தடிக்க, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரின் வெப்பம் வெளியே வரவேண்டிய தூரம் கூடுகிறது. தடிப்பு இரண்டு மடங்கானால் உறையும் நேரம் ஏறத்தாழ நாலு மடங்கு. அதனால் ஒரு பெரிய கட்டிக்கு ஒரு நாளே பிடிக்கலாம். இந்த விதியை நினைவில் வையுங்கள், மீனிடமும் இது திரும்ப வரும்.

ஒரு முழுக்கட்டியை நிமிர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்கள் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வெள்ளை, ஊசி ஊசியாக நீண்ட காற்றுக் குமிழிகள் என்று தெரியும். ஐஸ் பளிங்கு (படிகம்) வளரும்போது தண்ணீர் மூலக்கூறுகளை மட்டும் தன்னோடு சேர்க்கிறது. கரைந்திருந்த காற்றையும் உப்பையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் அவை போக இடமில்லாமல் அங்கேயே சிறைப்படுகின்றன. வெள்ளைத் தண்டு இருப்பது குறையில்லை, அதுவும் ஐஸ்தான். பார்க்கவேண்டியது, நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்பதை. அவசரத்துக்கு நேரத்தோடு தூக்கிய கட்டியின் நடு உறையாமல் இருக்கும். உடைத்தால் ஊற்றும். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்போம்.

மஞ்சள் நிறமோ மண்ணோ தெரிகிற கட்டியை விடுங்கள். அழுக்குத் தண்ணீரில் செய்த ஐஸ் மீனைக் குளிராக்கும், கூடவே கிருமியையும் மீன்மேல் வழியவிடும்.

படகுக்கோ கரையிலுள்ள மீன் வாடிக்கோ கொண்டுபோகும் வரை

கட்டியைக் கட்டியாகவே வைத்திருங்கள். உடைத்த கணத்தில் அதன் மேற்பரப்பு பல மடங்காகிறது. வெப்பம் நுழைவது மேற்பரப்பு வழியாகத்தான், அதனால் தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவை மட்டும் உடைக்கவேண்டும். கட்டிகளை ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். வெறும் சீமெந்துத் தரையிலோ லொறியின் இரும்புத் தட்டிலோ வைக்காமல் கீழே பலகை போடுங்கள். உருகிய நீர் ஓட வழி இருக்கட்டும், தேங்கிய தண்ணீரில் நிற்கும் ஐஸ் சீக்கிரம் கரையும்.

மூடுவதற்கு நம்மிடம் அருமையான பொருள் இருக்கிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பின் படுவான்கரை என்று நெல் விளைகிற பக்கமெல்லாம் ஆலைகளில் உமி குவிந்து கிடக்கிறது. உமிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை நல்ல முறையில் தடுக்கும். சுத்தமான சாக்கில் உமியை நிரப்பித் தைத்து, மெத்தை மாதிரிக் கட்டிகளின் மேலும் பக்கத்திலும் போடலாம். ஒரு நிபந்தனை, உமி காய்ந்திருக்கவேண்டும். நனைந்த உமியில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், தடுப்பு போய்விடும். உமியை நேராக ஐஸில் கொட்டவும் வேண்டாம், உடைக்கும்போது மீனில் ஒட்டும்.

இது புது யோசனை ஒன்றுமில்லை. ஐஸ் இயந்திரங்கள் பரவுவதற்கு முன், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் அறுத்த ஐஸை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றினார். 1833 இல் அவருடைய ஐஸ் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. பாதிப் பூமியைச் சுற்றி, வெப்பவலயக் கடலைத் தாண்டிய நாலு மாதப் பயணத்துக்குப் பிறகும் சரக்கில் பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842 இல் கட்டிய கட்டடம்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மரத்தூள் அதைச் செய்யுமானால், சாய்ந்தமருதில் இருந்து கொழும்புக்குப் போகும் ஓர் இரவுப் பயணம் நமக்குப் பெரிய காரியமா?

மீன் கைக்கு வந்ததும்

இங்கேதான் நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மீன் கெடும் வேகம் வெப்பநிலையோடு நேர்க்கோட்டில் கூடுவதில்லை, பாய்ந்து கூடுகிறது. பூச்சியம் பாகையில் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 5 பாகையில் அது இரண்டுக்கும் மேல், 10 பாகையில் நாலு. 30 பாகையில் மணலில் குவித்த கீரி, சூடை மீன்களுக்கு என்ன நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். காலை வெயில் ஏறிய பிறகும் விலை பேசி முடியட்டும் என்று ஈரச்சாக்கு ஒன்றை மட்டும் போட்டு வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பிறகு ஐஸில் வைத்திருக்கக்கூடிய நாளில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இன்னொரு பக்கம், நமக்கு இயற்கை தந்த ஒரு நன்மையும் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த மீனில் வாழும் பக்டீரியாக்கள் அந்தச் சூட்டுக்கே பழகியவை. பூச்சியம் பாகையில் அவை ஏறக்குறைய முடங்கிவிடுகின்றன. குளிர்கடல் மீனில் இருப்பவை அப்படியில்லை, குளிரிலும் வேலை செய்யும். அதனால் ஒழுங்காக ஐஸ் போட்டால் நம் மீன் பலவும் குளிர்நாட்டு மீனைவிடக் கூடுதல் நாள் தாங்கும்.

சூரை, கெலவல்லா (மஞ்சள் செட்டைச் சூரை), கும்பளா போன்ற மீன்களில் மட்டும் விளையாடக்கூடாது. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அந்த மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். பலர் இதை 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவார்கள். ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் டின்னில் அடைத்தாலும் அழியாது. பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் திரும்பாது. மணமும் நிறமும் நன்றாக இருக்கும்போதே அது உள்ளே இருக்கலாம். ஆகவே இந்த மீன்களுக்கு ஐஸ் படகிலேயே தொடங்கவேண்டும், கரைக்கு வந்த பிறகு என்பது பிந்திவிட்டது.

பெரிய மீனுக்கு முன்பு சொன்ன அதே விதிதான்: தடிப்பு இரண்டு மடங்கானால் நடு முள்வரை குளிர நாலு மடங்கு நேரம். கெலவல்லா இன்னும் கடினம், ஏனென்றால் அது தன் தசையைக் கடல்நீரைவிடச் சூடாக வைத்திருக்கிற மீன், தூண்டிலில் போராடும்போது இன்னும் சூடேறும். இரத்தத்தை வடியவிட்டு, பூவையும் (செவுள்) குடலையும் எடுத்து, சுத்தமான கடல்நீரில் கழுவி, வயிற்றுக்குள்ளும் பூ இருந்த இடத்திலும் பொடி ஐஸை நன்றாக அடையுங்கள். வெளியில் மட்டும் ஐஸ் போட்டால் தோல் குளிர்ந்திருக்கும், முள்ளோரம் மணிக்கணக்கில் சூடு இருக்கும்.

பெட்டிக்குள் அடுக்குதல்

ஐஸைச் சிறு துண்டுகளாக உடையுங்கள், முனைகள் கூராக இருக்கவேண்டாம். தேங்காய் அளவுத் துண்டுகள் மீனைக் கன்றச் செய்யும், இடையில் காற்றுக்கு இடம் விடும், காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. துண்டு சிறியதாக இருந்தால் மீனைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதைவிட முக்கியம், உருகிய நீர் மீனின் எல்லாப் பக்கமும் வழிந்து கீழே இறங்கும். அந்தப் பூச்சியம் பாகை நீர்தான் மீனில் இருந்து வெப்பத்தைச் சுரண்டி ஐஸிடம் கொடுக்கிற ஆள்.

அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஐஸ். அதன்மேல் மீனை வயிறு கீழே பார்க்க ஒரே அடுக்காக வையுங்கள், வயிற்றுக்குள் தண்ணீர் தேங்காது. பக்கச் சுவர்களில் மீன் முட்டக்கூடாது, வெப்பம் முதலில் வருவது அங்கேதான், ஆகவே சுவரோரம் ஐஸ் விடுங்கள். மீன் தெரியாதபடி மறுபடி ஐஸ், மறுபடி மீன். எல்லாவற்றுக்கும் மேலே தடிப்பான ஐஸ் அடுக்கு, பிறகு மூடி. பெட்டியை மிக ஆழமாக நிரப்பினால் அடியிலுள்ள மீன் நசுங்கிச் சாறு போகும், எடையும் குறையும்.

அடித்துளையைத் திறந்து வையுங்கள். நிறையப் பேர் குளிர் போய்விடும் என்று அதை அடைத்துவிடுகிறார்கள். போவது ஏற்கெனவே வேலை முடித்த தண்ணீர், இரத்தமும் சளியும் பக்டீரியாவும் கலந்தது. அதில் ஊறுகிற அடி மீன்தான் முதலில் மணக்கும்.

நெத்தலி, கீரி, சூடை போன்ற சிறு மீனுக்கும் இறாலுக்கும் அடுக்குவது சாத்தியமில்லை. அவற்றுக்கு ஐஸும் கடல்நீரும் கலந்த குளிர்நீர் நல்லது. நீர் மீனைச் சுற்றிலும் தொடுவதால் வேகமாகக் குளிரும். 20 கிலோ மீனுக்கு 10 லீற்றர் கடல்நீர் என்று வைத்தால், மீனைக் குளிராக்க ஆறரைக் கிலோ, தண்ணீரைக் குளிராக்க மூன்றரைக் கிலோ, சுவருக்கும் வழிச் செலவுக்கும் சேர்த்து 15 கிலோ ஐஸ் கொண்டுபோகலாம். தண்ணீரை முதலில் ஐஸ் போட்டுக் குளிராக்கிவிட்டு அப்புறம் மீனைக் கொட்டுங்கள். மேலே கடைசிவரை ஐஸ் மிதந்துகொண்டிருக்கவேண்டும், மிதப்பது தீர்ந்ததும் வெப்பநிலை ஏறத் தொடங்கும். ஆற்றுமுகத்தடியிலும் வாவிக்குள்ளும் ஊர்க்கழிவு வரும் இடத்திலும் தண்ணீர் எடுக்கவேண்டாம், கடலில் உள்ளே போய் எடுங்கள். இறாலின் தலை கறுப்பது அதன் உடம்பிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. குளிர்நீரில் அமிழ்ந்திருந்தால் அது மெதுவாகும், முழுவதும் நிற்காது.

சிலர் ஐஸ் கூடுதலாகக் குளிரட்டும் என்று கல்லுப்புத் தூவுகிறார்கள். உப்பு ஐஸின் உருகுநிலையை இறக்கும், நூற்றுக்கு 23 பங்கு உப்பு என்றால் மைனஸ் 21 பாகை வரை போகும். ஐஸ்கிறீம் செய்பவருக்கு அது வேண்டும். மீனுக்கு வேண்டாம். மீன் தசை மைனஸ் 1, 2 பாகையில் உறையத் தொடங்கும். அரைகுறையாக, மெதுவாக உறைந்த தசைக்குள் பெரிய பளிங்குகள் வளர்ந்து கிழிக்கும்.

கடைசிப் படி, பார்த்துக்கொண்டே இருப்பது. மீனின் தடித்த இடத்தில் குத்திப் பார்க்கும் வெப்பமானி விலை அதிகமில்லை, வாடிக்கு ஒன்று வாங்கலாம். அதில்லாவிட்டாலும் ஒரு கண்ணளவு இருக்கிறது. பெட்டி போய்ச் சேரும் இடத்தில் திறக்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் ஐஸ் மிச்சமிருந்தால் அளவு சரி. மேல் அடுக்கில் மட்டும் இருந்து நடுவில் இல்லாமல் போயிருந்தால் அடுக்கியது பிழை. ஒன்றும் இல்லாவிட்டால், கடைசி எத்தனை மணி நேரம் மீன் சூட்டில் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதே உருகல், வானத்திலும் கடலிலும்

நம் ஊரில் பனிக்கட்டி விழுவதில்லை, குளம் உறைவதில்லை. ஆனாலும் ஐஸ் நம் தலைக்குமேல் இருக்கிறது. வெப்பவலயத்தில் சுமார் 5 கிலோமீற்றர் உயரத்தில் காற்று பூச்சியம் பாகைக்கு இறங்கிவிடும். ஐப்பசியில் பின்னேரம் மேற்கே கறுத்து எழும் இடிமுகில் அதைத் தாண்டிப் பல கிலோமீற்றர் போகிறது. உள்ளே நுண்ணிய ஐஸ் பளிங்குகளும் சற்றுப் பெரிய ஐஸ் உருண்டைகளும் மோதிக்கொள்கின்றன. மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது: இலேசான பளிங்குகள் நேர் ஏற்றத்தோடு மேலே போக, உருண்டைகள் எதிர் ஏற்றத்தோடு கீழே தங்குகின்றன. வாவிமேல் வெட்டும் மின்னலுக்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த உருண்டைகள் விழும் வழியில் உருகும்போது காற்றில் இருந்து வெப்பத்தை எடுக்கின்றன, மழைத்துளிகள் ஆவியாவதும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழே பாய்ந்து தரையில் பரவும். மழைக்கு முன்னால் திடீரென வருகிற அந்தக் குளிர்காற்று, வள்ளத்தில் இருப்பவருக்குக் கரைக்குத் திரும்பச் சொல்லும் அறிவிப்பு. தாமதிக்கக்கூடாது.

கடலில் ஐஸின் பங்கைப் பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், பிள்ளைகளோடு செய்யுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் மிதக்கும் ஐஸும் போட்டு நீர்மட்டத்தில் கோடு கிழியுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்குமேல் தலை நீட்டும்படி ஒரு கல்லை நிற்கவைத்து, அந்தக் கல்லின் தலையில் ஐஸை வையுங்கள், அங்கும் கோடு. இரண்டும் உருகட்டும். முதல் குவளையில் மட்டம் மாறாது. இரண்டாவதில் ஏறியிருக்கும்.

முதலாவது வடதுருவக் கடலில் மிதக்கும் ஐஸ். தண்ணீர் உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நாலு அயல் மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொள்வதால் இடையில் வெற்றிடம் விழுந்து, ஏறத்தாழ 9 வீதம் விரிகிறது. அதனால் மிதக்கிறது. ஏரிகளில் தண்ணீர் 4 பாகையில் மிகக் கனமாக இருப்பதால் அது அடிக்குப் போய், மேலே மட்டும் உறைந்து மூடி போட்டுக்கொள்கிறது. குளிர்நாட்டு மீன்கள் அந்த மூடிக்குக் கீழே உயிரோடு இருக்கின்றன. பெரும்பாலான பொருட்களைப்போல ஐஸும் அமிழ்கிற பொருளாக இருந்திருந்தால், அந்த ஏரிகள் அடியில் இருந்து உறைந்து மீனினமே தங்கியிருக்காது.

இரண்டாவது குவளை கிறீன்லாந்தும் அந்தாட்டிக்காவும். நிலத்தின்மேல் கிடக்கும் அந்த ஐஸ் முழுவதும் உருகினால் கடல் மட்டம் கிறீன்லாந்தால் சுமார் 7 மீற்றரும் அந்தாட்டிக்காவால் சுமார் 58 மீற்றரும் உயரும். அது நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் எடுக்கும் விஷயம். ஆனால் தொடங்கிவிட்டது. 1901 இல் இருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்றிமீற்றர் ஏறியிருக்கிறது. ஒரு பங்கு ஐஸ் உருகியதால், ஒரு பங்கு சூடேறிய கடல்நீர் விரிந்ததால். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் ஊர்களைக் கட்டியிருக்கும் நமக்கு ஒரு சாண் உயரம் சின்ன விஷயமில்லை. கிணற்றில் உப்பேறுவதும் வாடைக்காலத்து அலை வேலிவரை வருவதும் அந்தச் சாணோடு சேர்ந்துதான் கூடும்.

கடல் இப்படி ஏறி இறங்குவது புதிதில்லை. கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், அவ்வளவு தண்ணீரும் நிலத்தில் ஐஸாகக் கட்டுண்டு கிடந்ததால் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம். அந்தக் காலத்துக் காற்றையே ஐஸ் குமிழிகளாகப் பிடித்துவைத்திருக்கிறது. அந்தாட்டிக்காவில் துளைத்தெடுத்த ஐஸ் தண்டுகளில் 800,000 ஆண்டுகள் பழைய காற்று இருக்கிறது. அன்றைய காபனீரொட்சைட்டின் அளவை விஞ்ஞானிகள் அதில் இருந்துதான் நேராக அளக்கிறார்கள். கட்டியின் நடுவில் பார்த்தோமே வெள்ளை ஊசிகள், அவற்றுக்கு அண்ணன்மார் அவை.

வீட்டுக்கு வந்த பிறகு

மீனுக்குப் போடும் ஐஸை சர்பத்தில் போடாதீர்கள். நோன்பு காலத்திலும் கல்யாண வீட்டிலும் அவசரத்துக்கு இது நடக்கிறது. உறைவது கிருமியைக் கொல்வதில்லை, பெரும்பாலும் தூங்கவைக்கும், அவ்வளவுதான். வயிற்றோட்டக் கிருமிகளும் மஞ்சட்காமாலை வைரசும் ஐஸில் உயிரோடு கிடந்து குவளைக்குள் எழும்பும். குடிக்கிற ஐஸை, கொதித்தாறிய தண்ணீரில் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்.

மீனை உறையவைக்கும்போது ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி வையுங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் பளிங்குகள் சிறியதாக இருக்கும், தசை கிழியாது. இளக்கும்போது சாறு குறைவாக வடிவதில் இது தெரியும். முதல்நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிடுங்கள், வெயிலில் வைக்கவேண்டாம்.

காயத்துக்கு ஐஸ் வைப்பதிலும் சில விஷயம் தெரிந்திருக்கவேண்டும். சுளுக்குக்குத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். தீக்காயத்துக்கு ஐஸ் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பாம்புக்கடிக்கும் ஐஸ் கூடாது, கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திருக்கை முள்ளோ கெளிறு முள்ளோ குத்தினால் செய்யவேண்டியது நேர்மாறு: தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகைத் தண்ணீரில் கையையோ காலையோ வைத்தால் வலி குறையும். குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு தெரியாமல் போகலாம், ஆகவே தண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்க்கவேண்டும். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள், முள் உள்ளே உடைந்திருக்கலாம்.

மார்கழி மழையில் கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். நிறைந்த உறைபெட்டி மூடியபடி ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலியிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து அடுக்கிவைத்தால் நேரம் கூடும், போத்தலின் கழுத்துவரை நிரப்பாமல் விரிவதற்கு இடம் விடுங்கள். வெள்ளத்துக்கு வீட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால், ஒரு கோப்பைத் தண்ணீரை முன்கூட்டியே உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது குற்றி மேலேயே இருந்தால் மீனைச் சமைக்கலாம். கோப்பையின் அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்த மீனை வெளியே எறிந்துவிடுங்கள்.